வைக்கல் எவ்வளவு செமிக்குது எண்டு வீட்டில அளக்க ஏலுமா?

போரதீவுப் பட்டி
மார்ச் 3, இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் படுவான்கரையில நாலு கறவை வச்சிருக்கன். மூண்டு நாட்டு மாடு, ஒண்டு ஜேர்சிக் கலப்பு. அந்தச் செவலையைப் பத்தித்தான் கேள்வி. ஒரு நாளைக்கு 7 லீற்றர் கறக்கும்.

போன கிழமை மோட்டார் சைக்கிளில ஒரு தீன் ஏஜென்ட் வந்தவர். தன்ட மூட்டை 80 வீதம் செமிக்குமாம், எங்கட வைக்கல் 40 வீதமும் வராதாம். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டன். லெப் ரிப்போட் எண்டு ஒரு தாளைக் காட்டினார். தாளில இலக்கம் மட்டும்தான் கிடக்கு. எந்த மாட்டுக்குக் குடுத்த, எத்தினை நாள் பாத்த, ஒண்டும் இல்ல.

மாமா சொல்றார், "சாணியைப் பாத்தாத் தெரியும்டா, அதுக்கு லெப் என்னத்துக்கு" எண்டு. இந்த செமிக்கிற கணக்கை உண்மையில எப்பிடி எடுக்கிற? வீட்டில செய்யலாமெண்டா நான் செய்யத் தயார். தராசு இரிக்கி, பொறுமையும் கொஞ்சம் இரிக்கி.

செவலைக்கு நான் போடுற: வைக்கல் 5 கிலோ, வெட்டின சிஓ-3 புல் 12 கிலோ, தவிடு ஒண்டரைக் கிலோ, கலப்புத் தீன் 1 கிலோ. வைக்கலில ஒரு கிலோ அளவு மிச்சம் விடும்.

வாகரை வெளி
மார்ச் 3, இரவு 9.40

80 வீதம் செமிச்சா மாடு சாணி போடவே யோசிக்கும் தம்பி. என்ட பட்டியில 80 உருப்படி நிக்குது, ஒண்டும் யோசிக்கிறதில்ல.

அசைபோடுபவள்
மார்ச் 4, காலை 7.05

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விலங்கு விஞ்ஞானம் படித்தவள். படிக்கும் காலத்தில் சாணி நிறுத்தே பாதி நாள் போனது, அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

அடிப்படை மிக எளிமை அண்ணன். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளே போனதால் வகுத்து நூறால் பெருக்கினால் சமிபாட்டு வீதம். ஜெர்மனியில் வெண்டே என்ற இடத்தில் 1860களில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் மற்ற முறைகளையெல்லாம் இதோடு ஒப்பிட்டுத்தான் சரி பார்க்கிறார்கள். முழுச் சாணிச் சேகரிப்பு என்று சொல்வோம்.

ஆனால் மூன்று நிபந்தனை. முதலாவது, எல்லாமே உலர்நிறையில். புல்லில் பெரும்பகுதி தண்ணீர், சாணியிலும் அப்படியே. ஈரத்தோடு நிறுத்துக் கழித்தால் வரும் இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை. இரண்டாவது, மாடு அந்தத் தீனுக்குப் பழகியிருக்க வேண்டும். புதிதாக ஒன்றைப் போட்டால் 10 முதல் 14 நாள் பொறுத்துத்தான் அளக்கத் தொடங்கலாம், வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மாறிக்கொள்ள அவ்வளவு நாள் வேண்டும். நீங்கள் மாதக்கணக்காக இதையே போடுவதால் இந்தக் காத்திருப்பு இல்லை. மூன்றாவது, ஐந்து முதல் ஏழு நாள், இரவு பகல், ஒரு சாணியும் தவறக்கூடாது. தவறினால் வெளியே வந்தது குறைந்து தெரியும், செமித்தது கூடித் தெரியும்.

ஆய்வுகளில் மாட்டைக் கூட்டுக்குள் நிறுத்தி, பின்னால் பை கட்டிச் சேர்ப்பார்கள். பசுவில் மூத்திரமும் சாணியும் கிட்டக் கிட்ட வருவதால் பிரிப்பது பெரும் பாடு. அதனாலேயே பழைய ஆய்வுகளில் நிறைய, கிடாய் ஆடுகளில் செய்தவை. வயிறு நிறையத் தின்று பால் கறக்கும் பசுவில் தீன் வேகமாகக் கடந்து போகும், அதனால் கொஞ்சம் குறைவாகவே செமிக்கும். அட்டவணைகளில் பார்க்கும் இலக்கங்களை நம்பும்போது இதை மனதில் வையுங்கள்.

இன்னொன்று, சாணியில் வருவதெல்லாம் செமிக்காத தீன் அல்ல. குடலில் உரிந்த கலங்களும் செத்த நுண்ணுயிர்களும் அதற்குள் இருக்கின்றன. அதனால் நாம் அளப்பது தோற்றச் சமிபாடு. உண்மையானது அதைவிடக் கூட.

போரதீவுப் பட்டி
மார்ச் 4, பகல் 12.30

நன்றி தங்கச்சி. விளங்கிற்று. சாணியைக் காய வைக்கிறதுதான் பிரச்சினை. வீட்டில ஓவன் அடுப்பு இல்ல.

தயிர்ச்சட்டி அக்கரைப்பற்று
மார்ச் 4, பகல் 1.10

தம்பி, பாண் சுட்டு முடிஞ்ச பிறகு போறணையில சூடு கன நேரம் நிக்கும். எங்கட கடைக்குப் பக்கத்துப் பேக்கரிக்காரர் எனக்கு நல்ல பழக்கம். ஒரு தட்டு வச்சா ஆருக்குத் தெரியப் போகுது.

ஊசிமருந்து
மார்ச் 4, பகல் 1.25

மிருக வைத்தியராகச் சொல்கிறேன்: சாணியைப் பாண் சுடுகிற இடத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் காக்கா. பகிடிக்கும் வேண்டாம்.

தகரத்தில் பரப்பி வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். பிறகு சின்ன மாதிரி ஒன்றை, 100 கிராம் போதும், பழைய தாச்சியில் இளஞ்சூட்டில் வைத்துக் கிண்டி நிறுங்கள். இரண்டு முறை நிறுத்தும் நிறை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கருக விட்டால் நிறை பொய் சொல்லும். அந்தத் தாச்சியைத் திரும்ப அடுப்படிக்குள் எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்ல மறக்காதீர்கள்.

பழைய கால்நடைக்காரன்
மார்ச் 5, காலை 6.20

நான் கரடியனாறு, செங்கலடி, கிரான் பக்கமெல்லாம் சைக்கிளில் திரிந்து வேலை பார்த்தவன். இப்போது ஓய்வு. மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது தம்பி, அந்தப் பாதியை முதலில் எடுங்கள்.

இரண்டு கைப்பிடி புதுச் சாணியை எடுத்து அரிதட்டில் போட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். தண்ணீர் தெளிந்து போகும்வரை கழுவிவிட்டு மிச்சத்தை வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் நீள நார் நிறையக் கிடந்தால் மாடு சரியாக அசைபோடவில்லை, அல்லது தீன் வயிற்றில் நிற்காமல் ஓடிவிட்டது. நெல்லோ சோளமோ முழுசாக வந்தால் அது கோழிக்குப் போட்ட காசு. இடித்த சோளம் போடுகிறவர்கள் கழுவின மிச்சத்தில் இரண்டு சொட்டு அயடின் விட்டுப் பார்க்கலாம், கறுநீலமாக மாறினால் மாச்சத்து செமிக்காமல் வருகிறது.

இது இலக்கம் தராது. ஆனால் இன்றைய சாணிக்கும் போன மாதச் சாணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். நான் ஒரு குறிப்புக் கொப்பியை வைத்திருந்து, ஒவ்வொரு பட்டியிலும் கழுவினதை ஒரு வரி எழுதுவேன். கணக்குப் பார்த்ததில்லை, பட்டிக்காரருக்கு அதுவே போதுமாக இருந்தது.

யூரியா போட்டுப் பதப்படுத்தின வைக்கலின் சாணியைக் கழுவிப் பாருங்கள், நார் பொடிந்து மென்மையாக இருக்கும். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று கிழமை. கிராமம் கிராமமாகக் காட்டிக் கொடுத்தோம். கொஞ்சப் பேர் விடாமல் செய்து வந்தார்கள். 2021இல் உரத் தடை வந்து யூரியா வயலுக்கே இல்லை என்றானதும் அவர்களும் விட்டுவிட்டார்கள். பிறகு யூரியா வந்தது, பழக்கம் திரும்பி வரவில்லை.

ஊசிமருந்து
மார்ச் 5, காலை 8.00

ஐயா சொன்னதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை: ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு யூரியா வைக்கல் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு நக்கக் கூடிய இடத்தில் விடக் கூடாது. அப்படி விட்டதால் நடுச் சாமத்தில் என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

வாகரை வெளி
மார்ச் 5, இரவு 8.15

எல்லாம் நல்லம், ஆனா இது கட்டி வச்சிச் சோறு போடுற மாட்டுக்கு. என்ட மாடு விடியக் காட்டுக்குள்ள போனா என்ன திண்டது எண்டு எனக்கே தெரியாது. மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய விடுறவன் ஆரைக் கேக்கிற? மேய்ச்சல் தரைக்கே வழக்கும் போராட்டமுமா இரிக்கி, நீங்க செமிபாடு அளக்கிறீங்க.

அசைபோடுபவள்
மார்ச் 6, இரவு 10.30

வாகரை அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத்தான் அடையாளப் பொருள் முறை.

செமிக்காமல் அப்படியே வெளியே வருகிற ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறோம். தீனின் மற்றப் பகுதி செமித்துக் குறையக் குறைய, சாணியில் இந்தப் பொருளின் செறிவு ஏறும். தீனில் 5 வீதம் இருந்தது சாணியில் 10 வீதமாக நின்றால் பாதி செமித்துவிட்டது. முழுச் சாணியையும் நிறுக்கத் தேவையில்லை, மாதிரி போதும்.

வெளியே இருந்து கொடுக்கும் பொருட்கள் உண்டு. நெடுங்காலம் குரோமிக் ஒக்சைட் கொடுத்தார்கள், கையாளுகிற ஆளுக்குக் கூடாது என்ற பயத்தில் இப்போது பலர் தைத்தானியம் டயொக்சைட்டுக்கு மாறிவிட்டார்கள். பெயின்டிலும் பற்பசையிலும் இருக்கிற அதே வெள்ளைத் தூள்தான். மேய்கிற மாட்டுக்குப் புல்லின் மெழுகில் இயல்பாக இருக்கும் அல்கேன்களை வைத்து அளக்கும் முறையும் உண்டு. அதில் தின்ற அளவையும் சேர்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கு வேண்டிய கருவி நம் பக்கத்துப் பட்டிக்காரருக்கு எட்டாது.

தீனுக்குள்ளேயே இருக்கும் பொருட்களும் உண்டு. 240 மணித்தியாலம் ஊற வைத்தும் செமிக்காமல் நிற்கும் நார் ஒன்று. மற்றது அமிலத்தில் கரையாத சாம்பல். தீனை 450 பாகையில் இரவு முழுக்க எரித்துச் சாம்பலாக்கி, அதை ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, வடிகட்டி, திரும்ப எரித்து நிறுப்பது. 1977இல் வான் கூலன், யங் என்ற இருவர் ஒழுங்குபடுத்திய முறை. உலை, அமிலம், வடிதாள், தராசு, அவ்வளவுதான். விலை உயர்ந்த ஒன்றும் தேவையில்லை.

நெல் விளைகிற ஊருக்கு இது பொருத்தம். வைக்கலில் சிலிக்கா நிறைய, கரையாத சாம்பல் தாராளமாகக் கிடைக்கும். சாம்பல் குறைந்த தீன்களில் எடுத்தால் அளவு மிகச் சிறிதாகி, பிழை பெருத்துவிடும். போரதீவு அண்ணன் முழுச் சாணியை நிறுக்கட்டும். மாதிரியைத் தந்தால் சாம்பல் பார்க்க எனக்குத் தெரிந்த இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

போரதீவுப் பட்டி
மார்ச் 6, இரவு 10.50

கட்டாயம் தாறன். அப்ப அந்த ஏஜென்ட்டின்ட 80 எப்பிடி வந்த?

அசைபோடுபவள்
மார்ச் 7, இரவு 9.20

அவர் தாளைப் பார்க்காமல் அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். மாட்டுக்குத் தீனைக் கொடுக்காமலேயே 80 வரக்கூடிய வழிகள் இருக்கின்றன.

ஒன்று, டில்லி, டெரி இருவரும் 1963இல் இங்கிலாந்தின் ஹேர்லியில் சொன்ன முறை. அரைத்த தீன் அரைக் கிராமைச் சோதனைக் குழாயில் மாட்டு வயிற்றுச் சாற்றில் 48 மணித்தியாலம், பிறகு பெப்சின் என்ற செமிப்பு நொதியும் அமிலமும் சேர்த்து இன்னொரு 48 மணித்தியாலம். மிச்சத்தை நிறுப்பது. உலகம் முழுக்கப் புல் இனங்களைத் தரம் பிரித்தது பெரும்பாலும் இந்தக் குழாய்களை வைத்துத்தான். சாறு எடுக்க வயிற்றில் துளை வைத்த மாடு வேண்டும். இல்லாவிட்டால் மடுவத்தில் அறுத்தவுடன் எடுத்து, முன்கூட்டியே சூடாக்கின பிளாஸ்க்கில் ஓட வேண்டும். நாங்கள் ஒருமுறை அப்படி ஓடி, வழியில் பஸ் பழுதாகி, ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்போது நுண்ணுயிர் பாதி செத்திருந்தது. அன்றைக்கு எல்லாத் தீனும் செமிக்காத தீனாகவே வந்தது.

இரண்டு, வாயு முறை. ஜெர்மனியின் ஹோகன்ஹைமில் மெங்கே குழுவினர் 1979இல் வெளியிட்டது. 200 மில்லிகிராம் தீனையும் வயிற்றுச் சாற்றையும் கண்ணாடி ஊசிக்குழாயில் போட்டு 39 பாகையில் வைத்தால், நொதிக்க நொதிக்க வாயு கிளம்பித் தண்டைத் தள்ளும். 24 மணித்தியாலத்தில் எத்தனை மில்லிலீற்றர் தள்ளியது என்பதை வைத்துக் கணக்கு.

மூன்று, நைலோன் பை. தீனைச் சின்னத் துளையுள்ள பையில் கட்டித் துளை வைத்த மாட்டின் வயிற்றுக்குள்ளேயே இறக்கிவிடுவது. ஒஸ்கோவும் மெக்டொனால்டும் 1979இல் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார்கள், எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதும் அதில் தெரியும். வைக்கலுக்கு அருமையான முறை. ஆனால் மாப்போல அரைத்த கலப்புத் தீனைப் போட்டால், செமிக்காத தூளும் துளையால் வெளியே ஓடிவிடும். பையில் இல்லாததெல்லாம் செமித்தது என்று கணக்காகும். அப்படி 80 வருவது பெரிய அதிசயம் அல்ல.

அதைவிட முக்கியம், அந்த 80 மூட்டைக்குள் இருக்கும் தீனுக்கு மட்டும். உங்கள் செவலை அதை வைக்கலோடு சேர்த்துத்தான் தின்கிறது. மாச்சத்து கூடி வயிறு புளித்து, pH அளவு (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 6க்குக் கீழே போனால் நார் உடைக்கும் நுண்ணுயிர் வேலையைக் குறைத்துவிடும். மூட்டைத் தீன் 80 செமிக்கும், அதனாலேயே வைக்கல், பேச்சுக்கு, 45இல் இருந்து 40க்கு இறங்கலாம். அந்தக் கணக்கு எந்தத் தாளிலும் இருக்காது.

வாகரை வெளி
மார்ச் 7, இரவு 9.35

பஸ் பழுதானா வைக்கல் செமிக்காது. இதை எழுதி வச்சிக்கிறன்.

போரதீவுப் பட்டி
மார்ச் 27, இரவு 9.05

முடிச்சிட்டன். 18ஆம் திகதியில இருந்து ஐஞ்சு நாள். நானும் மனுசியும் மாறி மாறி முழிச்சம். ரெண்டாம் நாள் ராவு மனுசி "புள்ளை பொறந்த காலத்திலயும் இவ்வளவு முழிக்கல்ல" எண்டு சொன்னா.

கணக்கு இதுதான், பிழை இருந்தாச் சொல்லுங்க. திண்டது, மிச்சம் கழிச்சு, உலர்நிறையில ஒரு நாளைக்கு 8.17 கிலோ. சாணி ஈரத்தோட 23.6 கிலோ, காய்ஞ்சா 17.3 வீதம், அதாவது 4.08 கிலோ. அப்ப செமிச்சது 50 வீதம்.

தங்கச்சி சாம்பலும் பாத்துத் தந்திட்டா. தீன் எல்லாம் சேத்து கரையாத சாம்பல் 5.66 வீதம். சாணியில 17.2 வீதம். அந்தக் கணக்கில செமிச்சது 67 வீதம்!

ஒரே மாடு, ஒரே கிழமை, ஒரே சாணி. ஒண்டு 50 எண்டுது, மற்றது 67 எண்டுது. எதை நம்புற?

தயிர்ச்சட்டி அக்கரைப்பற்று
மார்ச் 27, இரவு 9.20

நடுவில 58 எண்டு வச்சி அலுவலை முடிங்க தம்பி.

பழைய கால்நடைக்காரன்
மார்ச் 28, காலை 5.50

தம்பி, ஒரு கேள்வி. உங்கள் மாட்டுக்காலையில் தரை என்ன? சீமெந்தா, மண்ணா?

போரதீவுப் பட்டி
மார்ச் 28, காலை 6.30

மண் தரை ஐயா. மாரியில சேறாகுது எண்டு ரெண்டு டிரக்டர் ஆத்து மணல் பறிச்சுப் பரப்பினன். சவளால வழிச்சுத்தான் சாணி எடுத்த.

அசைபோடுபவள்
மார்ச் 28, காலை 7.40

ஐயா! நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

மணல் கிட்டத்தட்ட முழுக்கவே அமிலத்தில் கரையாத சாம்பல்தான். சவளோடு ஒட்டி வந்த மணல் இரண்டு கணக்கையும் கெடுத்திருக்கிறது, அதுவும் எதிரெதிர்ப் பக்கமாக. நிறுக்கிற கணக்கில் மணலும் சாணியாகிறது, வெளியே வந்தது கூடித் தெரிகிறது, செமித்தது குறைகிறது. சாம்பல் கணக்கில் சாணியின் சாம்பல் செறிவு ஏறுகிறது, செமித்தது கூடித் தெரிகிறது. ஒன்றை மட்டும் செய்திருந்தால் அந்த இலக்கத்தை நம்பிவிட்டுப் போயிருப்போம்.

இரண்டும் கையில் இருப்பதால் மணலையே நிறுக்கலாம். மாடு தின்ற தீனில் இருந்த கரையாத சாம்பல், 8.17 இல் 5.66 வீதம், 0.46 கிலோ. அது செமிக்காது, அப்படியே வெளியே வர வேண்டும். சாணியில் நாம் கண்டது 4.08 இல் 17.2 வீதம், 0.70 கிலோ. கூடுதலாக நிற்கும் 0.24 கிலோ எங்கிருந்து வந்தது? மணலில் இருந்து. ஒரு நாளைக்குக் கால் கிலோ மணல். 4.08 இல் அதைக் கழித்தால் உண்மையான சாணி 3.84 கிலோ. செமித்தது 53 வீதம்.

மாடு புல்லோடு மணலைத் தின்றிருந்தாலும் இதே கழிப்புப் பொருந்தும். அதுவும் தீன் கணக்கில் வராமல் சாணியில் வந்த பொருள்தான்.

வாகரை வெளி
மார்ச் 28, காலை 8.10

இது பகிடி இல்ல. இது நல்லா இரிக்கி.

போரதீவுப் பட்டி
மார்ச் 28, காலை 8.30

காலையில தேத்தண்ணி குடிக்காம இருந்து ரெண்டு தரம் வாசிச்சன். 53. சரி, இதைத் திரும்ப ஒருக்கா வேற மாதிரிச் சரி பாக்க ஏலாதா?

ஊசிமருந்து
மார்ச் 28, மாலை 5.15

ஏலும். தரையைத் தொட விடாமல் குதத்தில் இருந்தே எடுங்கள். தோள் வரை வரும் கையுறை, சவர்க்காரத் தண்ணீர், நகம் வெட்டின கை. முதல் தடவை நான் வந்து காட்டித் தருகிறேன், சினை மாட்டில் முரட்டுத்தனமாகக் கையிட வேண்டாம்.

ஒரு நேரம் மட்டும் எடுத்தால் போதாது. சாணியில் அடையாளப் பொருளின் செறிவு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். ஐந்து நாள், காலைக் கறவைக்கு முன்னும் பின்னேரமும், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து காய வையுங்கள். தீன் மாதிரியும் அதே நாட்களில், தொட்டியில் போடுவதில் இருந்தே எடுங்கள். தவிட்டில் உமி கலப்பு மூட்டைக்கு மூட்டை மாறும், பழைய மூட்டையில் எடுத்த மாதிரி புதிய மூட்டைக்குப் பேசாது. மிச்சம் விட்ட வைக்கலையும் தனியாக எடுத்து வையுங்கள், மாடு இலையைப் பொறுக்கித் தின்று தண்டை விடுகிற குணம் உள்ளது.

போரதீவுப் பட்டி
ஏப்ரல் 20, இரவு 8.45

புதுவருசம் வந்து லெப் பூட்டினதால பிந்திப் போச்சு. கையால எடுத்த சாணியில கரையாத சாம்பல் 12.1 வீதம். தீன் அதே 5.66 தான். கணக்குப் பாத்தா 53. மணல் கழிச்ச கணக்கும் 53!

மறுகா ஒண்டு செய்திருக்கிறன். ஏப்ரல் 6இல இருந்து கலப்புத் தீன் ஒரு கிலோவை நிப்பாட்டிட்டு, வேலியில நிக்கிற கிளிசிரிடியா இலை 4 கிலோ வெட்டி, ஒரு நாள் வாட விட்டுப் போடுறன். முதல் ரெண்டு நாள் முகர்ந்து பாத்திட்டுத் தள்ளிச்சு, இப்ப விடுறதில்ல. நாளையில இருந்து திரும்ப அளக்கப் போறன், இந்தமுறை தரப்பாள் விரிச்சு.

பழைய கால்நடைக்காரன்
ஏப்ரல் 21, காலை 6.05

நல்ல வேலை தம்பி. வைக்கலில் புரதம் 4 வீதம் அளவில்தான் நிற்கும். தின்கிற மொத்தத்தில் 7 வீதத்துக்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிருக்கே சாப்பாடு காணாது, அது எப்படி வைக்கலை உடைக்கும்? கிளிசிரிடியா இலையில் 20 வீதத்துக்கு மேலே இருக்கிறது. வேலியில் சும்மா நிற்கிற சாமான்.

போரதீவுப் பட்டி
மே 1, இரவு 9.30

முடிவு: இப்ப திங்கிற 8.97 கிலோ, சாணி 3.95, செமிச்சது 56 வீதம். முந்தி 53. பால் அரை லீற்றர் கூடியிரிக்கி. வைக்கல் மிச்சம் விடுறது ஒரு கிலோவில இருந்து ரெண்டு கைப்பிடிக்கு இறங்கிற்று.

அசைபோடுபவள்
மே 1, இரவு 10.40

வாழ்த்துகள் அண்ணன், ஆனால் 53இல் இருந்து 56க்கு ஏறியது என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். ஒரே மாடு, இரண்டு தடவை. வீட்டுத் தராசில் மூன்று புள்ளி முன்பின் போவது சாதாரணம். ஆய்வு என்றால் நாலைந்து மாட்டில் தீனை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்போம்.

நான் நம்புவது உங்கள் மிச்ச வைக்கலை. சமிபாட்டு வீதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் மாடு எவ்வளவு தின்றது என்பதை மறந்துவிடுகிறார்கள். முதலில் 8.17 கிலோ தின்று 53 வீதம், செமித்தது 4.3 கிலோ. இப்போது 8.97 தின்று 56 வீதம், 5 கிலோ. இந்த 0.7 கிலோவில் பெரும்பகுதி கூடத் தின்றதால் வந்தது. வீதம் ஏறவே இல்லை, 53இலேயே நின்றது என்று வைத்தாலும் 4.75 வரும். அரை லீற்றர் பாலுக்கு அதுவே காணும்.

போரதீவுப் பட்டி
மே 2, காலை 7.15

விளங்குது. ஏஜென்ட் நேத்து வந்தவர். "உங்கட 80 மாட்டிலயா குழாயிலயா, எத்தினை மணித்தியாலம்" எண்டு கேட்டன். கொம்பனியில கேட்டுச் சொல்றன் எண்டு போனார். மூட்டையை வேண்டாமெண்டு சொல்லல்ல, செவலை கண்டுக்குட்டி போட்ட பிறகு பாப்பம் எண்டன்.

தயிர்ச்சட்டி அக்கரைப்பற்று
மே 2, காலை 9.00

தங்கச்சி, நானும் கையால எடுத்து அனுப்பட்டா? என்னட்ட எருமை ஆறு நிக்குது. தயிருக்குப் பால் காணாமக் கிடக்கு. கையுறை வாங்கிட்டன்.

அசைபோடுபவள்
மே 2, காலை 9.20

அனுப்புங்க காக்கா. ஆனால் எருமை குளத்துச் சேற்றில் புரண்டு வால் வரை பூசிக்கொண்டு வரும். கையை விடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எருமைக்கும் 67 வரும்.

தயிர்ச்சட்டி அக்கரைப்பற்று
மே 2, காலை 9.25

கழுவ விட்டாத்தானே.